உள்ளாட்சி ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டல அலுவலகத்துக்குப் போய் ஒரு பழைய காகிதத்தின் நகல் கேட்டால், "அதெல்லாம் அழிச்சிருப்பாங்க சார்" என்று பதில் வருகிறது. அழித்தது யார், எந்த உத்தரவில், எந்தத் தேதியில் என்று மேற்கொண்டு கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சட்டம் சொல்வது எது, என் சொந்தக் கருத்து எது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

எல்லா ஆவணங்களுக்கும் பொதுவாக இத்தனை ஆண்டு என்று ஒரு கணக்கு உண்டா?

கிடையாது. இருக்கவும் கூடாது. தெருவிளக்கு எரியவில்லை என்று நீங்கள் கொடுத்த மனுவும், ஒரு தெருவையே மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரமும் ஒரே காலம் வாழ வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம், ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவது. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று நான்கு வகை. இதுபோக, பிறப்பு இறப்புப் பதிவு மாதிரி சிலவற்றுக்குத் தனிச் சட்டமே கெடு சொல்கிறது. கணக்கு வவுச்சர்களுக்குத் தணிக்கை முடிவது ஒரு நிபந்தனை. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய ஆட்சேபணை தீராமல் இருக்கும்போது, "மூன்று வருஷம் ஆகிவிட்டது" என்று வவுச்சரை எடைக்குப் போட முடியாது.

இந்த முறையில் எனக்குள்ள குறை ஒன்றுதான். கோப்பின் ஆயுளைத் தீர்மானிக்கும் நேரம், எழுத்தர் மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலைக் குறைக்க முட்டி மோதிக்கொண்டிருக்கும் நேரம். அப்போது அவர் யோசிப்பது மேசையைப் பற்றி. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் காகிதம் இல்லாமல் போனால் நஷ்டம் யாருக்கு, அவர் எத்தனை ஆண்டு கழித்து இதைத் தேடி வருவார்? கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் நான் இந்த அளவுகோலைத்தான் பிடித்திருக்கிறேன்.

என் கையில் ஒரு பழைய அரசுக் கடிதம் இருக்கிறது. அதன் கோப்பு இன்னும் இருக்குமா என்று அதைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். கடிதத்தின் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். "ந.க." என்றால் நடப்புக் கணக்கு, அந்தக் கடிதம் எழுதிய நாளில் கோப்பு நடப்பில் இருந்தது என்று பொருள். முடித்த கோப்பாக இருந்தால் "ஓ.மு.", "மூ.மு.", "ப.மு.", "நி.மு." இவற்றில் ஒன்று இருக்கும். முறையே ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. இன்னும் பழைய கடிதமாக இருந்தால் இதையே எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று ஆங்கில எழுத்துகளில் போட்டிருப்பார்கள்.

ஆக, 2009ஆம் ஆண்டின் "மூ.மு." எண்ணைத் தூக்கிக்கொண்டு இன்று அலைவதில் பெரிய பயன் இல்லை. "நி.மு." அல்லது ஆர்.டிஸ். என்று இருந்தால் விடாதீர்கள். அந்தக் கோப்பு பதிவறையில் இருந்தே ஆக வேண்டும். இல்லை என்றால் அதற்கு ஒரு அதிகாரி பதில் சொல்ல வேண்டும். மனுவில் இந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். எண் இல்லாமல் "என் வீடு சம்பந்தமான ஃபைல்" என்று கேட்டால், தேடுபவர் நல்லவராகவே இருந்தாலும் மூட்டைகளுக்கு நடுவே அவரால் என்ன செய்ய முடியும்?

20 ஆண்டுக்கு முந்தைய தகவலைத் தரத் தேவையில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறதாமே?

இல்லை. இந்த ஒரு தவறான நம்பிக்கை எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது!

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(3) பிரிவு சொல்வது கிட்டத்தட்ட நேர்மாறானது. தகவல் தர மறுப்பதற்கு 8(1) பிரிவில் பல காரணங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. நடந்து 20 ஆண்டு கடந்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்டால், அவற்றில் மூன்று தவிர மற்ற காரணங்களைக் காட்டி மறுக்க முடியாது. அதாவது, 20 ஆண்டு ஆனால் கதவு இன்னும் அகலமாகத் திறக்கிறது.

அதே சமயம், எதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணை போட்டு, எளிதில் எடுத்துத் தரும்படி வைக்க வேண்டும் என்று 4(1)(அ) பிரிவு சொல்கிறது. தன்னிடம் என்னென்ன வகை ஆவணங்கள் உள்ளன என்று ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும் என்றும் அதே பிரிவின் அடுத்த பகுதி சொல்கிறது.

பிறப்பு, இறப்புப் பதிவுகள்?

நிரந்தரம். இதில் பேச்சுக்கே இடமில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், பிறப்புப் பதிவேடு, இறப்புப் பதிவேடு, பிறந்தே இறந்த குழந்தைகளின் பதிவேடு மூன்றையும் அழிக்கக்கூடாத ஆவணங்கள் என்கின்றன. தாமதப் பதிவுக்கு அனுமதி கொடுத்த உத்தரவுகளும் பதிவேட்டின் பகுதியே, அவற்றையும் அழிக்கக்கூடாது.

பதிவில் பிழை இருந்து திருத்தினால்கூட, முதலில் எழுதியதை அடித்துவிட்டு மேலே எழுதுவதில்லை. ஓரத்தில் திருத்தத்தைக் குறித்து, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. தவறு என்னவாக இருந்தது என்பதும் தெரிய வேண்டும் என்ற அந்தக் கவனம் எனக்குப் பிடிக்கும். கணினித் திரையில் பழையது மறைந்து புதியது வந்து உட்கார்ந்துவிடும் இந்தக் காலத்துக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

2023இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். முன்பு டி.சி.யை வைத்துச் சமாளித்தவர்கள் உண்டு. இனி அந்த வழி அடைபடும்.

தேடியும் பதிவே இல்லை என்றால், பதிவு இல்லை என்பதற்கே ஒரு சான்று கேட்டு வாங்கலாம். ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள அலுவலரிடம் போகும்போது அது தேவைப்படும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. இறப்புக்கான காரணத்தை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் படிவத்தைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது விதி. 2020இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவில் இருந்த எண்ணிக்கையும், மாநில அரசு தினமும் வெளியிட்ட கொரோனா இறப்பு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. குழு போட்டுச் சரிபார்த்தார்கள். அந்த ஜூலையில் 444 இறப்புகள் கூடுதலாகக் கணக்கில் சேர்ந்தன. மாநகராட்சியில் காகிதம் இருந்ததால்தான் சரிபார்க்கவே முடிந்தது. அந்த ஆண்டின் காரணப் படிவங்களுக்கு 5 ஆண்டுக் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. "குறைந்தது" என்றுதான் விதி சொல்கிறது. அதிகம் வைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்துப் படிவங்களையாவது நிரந்தரமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டுக்கு வாங்கிய கட்டட அனுமதி வரைபடம்?

கட்டடம் நிற்கும் வரை. அது இடிந்த பிறகும் சில ஆண்டு. பத்தாண்டு முடிவு என்று போட்டு மூட்டை கட்டுவது இங்கே துளியும் பொருந்தாது.

2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அன்று எல்லோரும் முதலில் தேடியது காகிதங்களைத்தான்: மண் பரிசோதனை அறிக்கை, வடிவமைப்புக் கணக்கு, யார் கையெழுத்திட்டது, எந்த நிபந்தனையில் அனுமதி. அது கட்டும்போதே விழுந்த கட்டடம், கோப்பு புதிது. முப்பது ஆண்டு ஓடிய அடுக்குமாடியில் விரிசல் விட்டால்? மறுகட்டுமானம் செய்யலாமா என்று இன்று எத்தனையோ பழைய ஃபிளாட்டுகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தூணுக்குள் என்ன கம்பி போட்டார்கள் என்று அறிய மூல வரைபடம் இல்லாமல் சுவரைத் துளைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நடைமுறைச் சிக்கல்: கட்டடத்தின் அளவைப் பொறுத்துக் கோப்பு சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலும் இருக்கலாம், மாநகராட்சியிலும் இருக்கலாம், இரண்டிலும் பாதிப் பாதியாகவும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் மனுப் போடுங்கள்.

எங்கள் லே-அவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தை யாரோ மனையாக விற்கிறார்கள். மாநகராட்சியில் ஃபைல் இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

ஆவணம் தொலைந்தால் ஊருக்கு என்ன நஷ்டம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எனவே கொஞ்சம் விரிவாகவே.

பெரிய மனைப்பிரிவு போடும்போது பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தவெளி விட வேண்டும். இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் 10 விழுக்காடு இடத்தையே ஒதுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டவும் வழி உண்டு. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதையும் தெருக்களையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

பத்திரம் கைமாறியதும் இடம் பல ஆண்டு முள்ளுக்காடாகக் கிடக்கும். வேலி இருக்காது, பலகை இருக்காது. ஊராட்சி பேரூராட்சியாகும், பேரூராட்சி மாநகராட்சியோடு சேரும். ஒவ்வொரு மாற்றத்திலும் பீரோ ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நிலத்தைக் கொடுத்தவர் காலமாகி வாரிசுகள் வருவார்கள். பட்டா பழைய பெயரிலேயே இருக்கும். அப்புறம் என்ன, மனை எண் போட்டு விற்க வேண்டியதுதான்.

சட்டத்தின் கெடுவைப் பாருங்கள். ஆக்கிரமிப்புக்குப் போன பொதுத் தெருவை மீட்க உள்ளாட்சி அமைப்பு வழக்குப் போடுவதற்கு 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், 111ஆம் இனத்தில், 30 ஆண்டு தருகிறது. பூங்கா போன்ற தெரு அல்லாத இடத்துக்கு, சாதாரணமாக எல்லோருக்கும் உள்ள 12 ஆண்டுக் கெடுதான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். வழக்குப் போட 30 ஆண்டு இருக்கும்போது, ஆதாரக் கோப்பைப் பத்தாண்டில் அழித்தால் என்ன அர்த்தம்? இடம் உள்ளாட்சியின் பெயரில் இருக்கும்வரை பத்திரமும் வரைபடமும் இருக்க வேண்டும். நிலத்துக்கு ஆயுள் முடிவதில்லை, ஆகவே காகிதத்துக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது: மாநகராட்சியில் இல்லை என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரே விஷயம் பல இடங்களில் தடம் பதித்திருக்கும். பதிவு செய்த தானப் பத்திரமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். வில்லங்கச் சான்றில் வரும். மனைப்பிரிவு ஒப்புதல் வரைபடம் சி.எம்.டி.ஏ.வில் இருக்கும். அந்த லே-அவுட்டில் மனை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர்களின் கிரயப் பத்திரத்தில் எல்லை சொல்லும் இடத்தில் "வடக்கே பூங்கா இடம்" என்றிருக்கும். நில அளவைப் புத்தகமும் நகர நில அளவைப் பதிவேடும் வட்டாட்சியர் பக்கம். இவற்றில் இரண்டு மூன்று கிடைத்தாலே மாநகராட்சி ஆணையருக்கும் சார்பதிவாளருக்கும் ஆட்சேபணை மனு கொடுக்கப் போதும்.

2011க்கு முன்னால் எங்கள் பகுதி பஞ்சாயத்தாக இருந்தது. அந்தப் பதிவேடுகள் எங்கே?

2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள். அவற்றின் சொத்தும் கடனும் போலவே ஆவணங்களும் மாநகராட்சிக்கு வந்தவை. எனவே முதலில் கேட்க வேண்டிய இடம் உங்கள் மண்டல அலுவலகம். "அது பஞ்சாயத்து காலத்து விஷயம்" என்பது பதில் அல்ல. அடுத்து, அந்த ஊராட்சி அப்போது இருந்த ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனபோதும் சுற்றியிருந்த உள்ளாட்சிகளின் காகிதங்கள் இப்படி இடம் பெயர்ந்தன. இணைப்பு உத்தரவோடு ஒரு ஒப்படைப்புப் பட்டியலும் கட்டாயம் இருக்க வேண்டும்: இத்தனை பதிவேடு, இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை, கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. உங்கள் பகுதிக்கு அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். அனுமதியற்ற மனைப்பிரிவு வரன்முறைத் திட்டம் 2017இல் வந்தபோது, 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனையா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. தலைவர் கையெழுத்திட்ட பழைய பஞ்சாயத்து அனுமதிகளுக்கு அப்போது வந்த மவுசு, காகிதத்தின் அருமையை நிறையப் பேருக்குப் புரியவைத்தது.

பழைய எண், புதிய எண் குழப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. சென்னையில் கதவு எண் மாறியது, தெருப் பெயர் மாறியது, 155 வட்டங்கள் (வார்டுகள்) 200 ஆயின, 10 மண்டலங்கள் 15 ஆயின. சொத்து வரி எண்ணில் மண்டலமும் வட்டமும் உள்ளடங்கியிருப்பதால் அதுவும் மாறியது. 1990இல் கிடைத்த ஓர் உத்தரவில் உள்ள எண் இன்று எந்த வீட்டைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல ஒப்பீட்டுப் பதிவேடு ஒன்றுதான் வழி. அது தொலைந்தால் மற்ற நூறு பதிவேடுகள் பத்திரமாக இருந்தும் பிரயோசனம் இல்லை. நிரந்தரப் பட்டியலில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது அது.

பட்டா, வில்லங்கச் சான்று?

உள்ளாட்சியில் கேட்காதீர்கள். பட்டா வருவாய்த் துறை, வில்லங்கம் பதிவுத் துறை. ரிப்பன் மாளிகை வாசலில் இதற்காக வந்து திரும்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சொத்து வரி ரசீதுகளை நான் எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

வரி ரசீது உடைமைக்கு ஆதாரம் ஆகாது. ஆனால் அனுபவத்தில் இருந்தீர்கள் என்பதற்கு உதவும். கடைசிச் சில ஆண்டு ரசீதுகள் எல்லாம், அதற்கு முன் ஆண்டுக்கு ஒன்று, முதன்முதலாக வரி விதித்த உத்தரவு, பெயர் மாற்ற உத்தரவு. கடைசி இரண்டும் எப்போதும் இருக்கட்டும்.

மாநகராட்சி மன்றத் தீர்மானங்கள், கிராம சபை மினிட் புத்தகம்?

நிரந்தரம். 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது. அதற்கு வழிவகுத்த 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தின் கதையை இன்று நாம் சொல்ல முடிவதற்குக் காரணமே யாரோ காகிதத்தை வைத்திருந்ததுதான். தீர்மானப் புத்தகம் இல்லையென்றால் ஒரு தெருவுக்கு ஏன் அந்தப் பெயர், ஒரு கடை வளாகத்தை எந்த வாடகைக்கு விட்டார்கள், எதுவும் தெரியாது. கிராம சபையில் கையெழுத்துப் போட்டவர் பட்டியலும் மினிட் புத்தகத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். தனித் தாளில் வாங்கிச் செருகி வைப்பதை எங்கே பார்த்தாலும் ஆட்சேபியுங்கள்.

ரோடு போட்ட கணக்கு?

பில், வவுச்சர் எல்லாம் தணிக்கை முடிந்து சில ஆண்டில் போகலாம். எம்-புக் என்று பொறியாளர்கள் சொல்லும் அளவீட்டுப் புத்தகத்தை அப்படி விட முடியாது. எத்தனை மீட்டர் நீளம், எத்தனை கனம், பழைய தாரைச் சுரண்டினார்களா இல்லையா என்பது அதில்தான் இருக்கும். சென்னையில் எத்தனையோ தெருக்களில் வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டதன் வரலாறு எம்-புக்குகளில் இருக்கிறது. மழைநீர் உள்ளே வருகிறது என்று வழக்குப் போடுபவருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மழைநீர் வடிகால் வரைபடங்களுக்கும் இதே கதி வரக்கூடாது. அவற்றுக்குக் கெடுவே வேண்டாம். தி.நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் நீண்ட ஏரி என்று இன்று நாம் உறுதியாகச் சொல்வது பழைய வரைபடங்களை வைத்துத்தானே.

"ஃபைல் காணவில்லை" என்று எழுத்திலேயே பதில் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. காணவில்லை என்பது தகவலை மறுக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் உள்ள காரணங்களில் ஒன்றே அல்ல. ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவலைக் கிடைக்கவில்லை என்ற ஒரு சொல்லால் தட்டிக்கழிக்க முடியாது, தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரணை நடத்திப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது.

அடுத்த மனுவை இப்படிப் போடுங்கள். கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, அது பதிவறைக்கு அனுப்பப்பட்ட தேதி, அதற்கு இட்ட முடிவு வகை, கடைசியாக அதை வெளியே எடுத்தவரின் பதவியும் தேதியும், அழித்திருந்தால் அழிப்பு உத்தரவின் நகலும் பட்டியலில் அந்தக் கோப்பு வரும் பக்கமும், அழிக்கவில்லை என்றால் காணாமல் போனது குறித்து எடுத்த நடவடிக்கை. கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நேரில் போய்ப் பதிவேட்டைப் பார்வையிடும் உரிமையும் உண்டு. நகல் கேட்பதைவிட இது பல சமயம் பலன் தரும். மேசைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் கோப்பு எப்படியோ கிடைத்துவிடுகிறது!

கேட்ட தகவலை வேண்டுமென்றே அழித்தால், 20ஆம் பிரிவின்படி நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் அலுவலரின் தலையில் விழும். எனவே பழைய ஆவணம் அழிபடப் போகிறது என்று சந்தேகம் வந்தால் உடனே மனுப் போட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுக் காகிதத்தை அழித்தால் என்ன?

சாதாரணக் கோப்புகளுக்குச் சரி. நிரந்தர ஆவணங்களுக்கு வேண்டாம் என்பேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 7ஆம் பிரிவில், மின்னணு வடிவில் வைத்தால் போதும் என்கிறது, ஆனால் நிபந்தனையோடு. பின்னாளில் திறந்து படிக்க முடிய வேண்டும், மூலத்தைப் பிழையின்றிக் காட்ட வேண்டும், எங்கிருந்து எப்போது வந்தது என்ற விவரமும் கூடவே இருக்க வேண்டும். கோணலாக ஸ்கேன் செய்து, ஓரத்துக் குறிப்பு வெட்டுப்பட்டு, "ஸ்கேன்0047" என்று பெயரிட்டு வைத்த கோப்பு இதில் எந்த நிபந்தனைக்கும் தேறாது.

மூலக் காகிதத்துக்கு நீதிமன்றத்தில் ஒரு தனி மதிப்பும் உண்டு. 30 ஆண்டு பழமையான ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்தது, 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்திலும் தொடர்கிறது. 25ஆம் ஆண்டில் அதைக் கிழித்துப் போட்டால் அந்தப் பலன் போச்சு.

காகிதத்துக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. சென்னையின் உப்புக் காற்றும் கரையானும் ஒரு பக்கம். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகத்தில் கலச மகால் எரிந்தபோது அங்கிருந்த அரசு அலுவலகங்களின் கோப்புகளும் போயின. 2015 வெள்ளத்தில் வீடுகளில் இருந்த சான்றுகள் நனைந்து கூழாக, நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. அந்த முகாம்களில் நகல் தர முடிந்தது மூலப் பதிவு வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்ததால். ஆகவே காகிதமும் வேண்டும், ஸ்கேனும் வேண்டும், இரண்டும் வேறு வேறு கட்டடத்தில், தரைத்தளம் தவிர்த்து.

கவுன்சிலர் வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தி, சி.சி.டி.வி. பதிவு இவையும் ஆவணமா?

அலுவல் உத்தரவு எந்த வடிவில் வந்தாலும் ஆவணமே. குழுவில் சொன்னதைக் கோப்பில் ஏற்றாமல் விடுவதுதான் பிரச்சினை. சி.சி.டி.வி. பதிவு சில வாரத்தில் தானாக மேலெழுதிவிடும். வேண்டுமென்றால் சம்பவம் நடந்த அன்றே எழுத்தில் கேளுங்கள்.

அப்படியானால் எதையுமே அழிக்கக்கூடாது என்கிறீர்களா?

அல்லவே அல்ல. எல்லாவற்றையும் வைத்திருக்கும் பதிவறையில் எதுவும் கிடைக்காது. ஓராண்டு, மூன்றாண்டுக் கோப்புகளை வருடா வருடம் ஒழுங்காகக் கழித்தால்தான் நிரந்தரக் கோப்புக்கு அலமாரியில் இடம் இருக்கும். தேவையற்ற தனிப்பட்ட விவரங்களை, உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்த ஆதார் நகல்களை, காலவரையின்றிக் குவித்து வைப்பதும் நல்லதல்ல. அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் அரைத்து அழிக்க வேண்டும். யாரோ ஒருவரின் ஆதார் நகலில் மடித்த பஜ்ஜியைச் சாப்பிட யாருக்கு விருப்பம்?

என் வாதம் வேறு. அழிப்பதும் ஓர் அலுவல் செயல்; அதற்கும் பதிவு வேண்டும். எந்தக் கோப்பு, எந்த விதியின் கீழ், யார் உத்தரவில், எந்த நாளில், எப்படி அழிந்தது என்ற அழிப்புப் பதிவேடு ஒவ்வொரு மண்டலத்திலும் இருக்க வேண்டும். அது நிரந்தர ஆவணமாக, இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். அழிக்கும் முன் பட்டியலை 60 நாள் பொதுவில் ஒட்டினால் இன்னும் நல்லது. தன் வீட்டுக் கோப்பு அதில் இருந்தால் உரியவர் வந்து நகல் எடுத்துக்கொள்வார். செலவு என்று பார்த்தால் ஒரு பி.டி.எஃப். ஏற்றும் செலவு.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. 1892க்கு முந்தைய எந்த ஆவணத்தையும், உருத்தெரியாமல் சிதைந்திருந்தால் தவிர, அழிக்கக்கூடாது என்பது அதில் உள்ள கட்டளை. மீறி அழித்தால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். மாநில உள்ளாட்சிகளுக்கு அது பொருந்தாது. மகாராஷ்டிரம் 2005இலும் கர்நாடகம் 2010இலும் தமக்கெனச் சட்டம் கொண்டுவந்தன. 2023இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் விதிகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்த நம் மாநிலம், அழிப்புப் பதிவேட்டையும் அப்படியொரு கட்டாயம் ஆக்கலாம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைக்குமா?

தேடுவது எது என்பதைப் பொறுத்தது. 1909இல் மதராஸ் ஆவண அலுவலகமாக உருவான தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அரசின் பழைய ஆணைகள், நடவடிக்கைத் தொகுப்புகளுக்குப் புதையல். உங்கள் தெருவை மாநகராட்சி எடுத்துக்கொண்ட அரசாணை, நிலம் கையகப்படுத்திய பழைய அறிவிக்கை போன்றவை கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் தாத்தா வீட்டின் கட்டட வரைபடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எங்கள் நலச் சங்கம் இப்போதே செய்யக்கூடியது ஏதாவது?

லே-அவுட் ஒப்புதல் வரைபடம், பூங்கா மற்றும் தெருக்களின் தானப் பத்திரம், வடிகால் வரைபடம் ஆகிய மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். இன்று தகராறு ஒன்றும் இல்லாதபோது கேட்டால் எளிதில் கிடைக்கும்; தகராறு வந்த பிறகு கேட்டால் எதிர்த்தரப்பும் அதே கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும். நகலின் பின்புறம் கோப்பு எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுதி, செயலாளர் மாறும்போது பட்டியல் போட்டு ஒப்படையுங்கள். நிர்வாகிகள் சண்டையில் சங்கத்து பீரோ சாவி காணாமல் போவது மாநகராட்சிக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.